முதல் எடுக்கச் சொல்பவர்

அவரோடு சாப்பிடப் போவது பெரிய தொல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தட்டில்தான் மீன்பொரியல் வைப்பார்கள். ஒன்று நடுத்துண்டு, மற்றது வால். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "நீர் முதல் எடும்" என்பார். நான் எடுக்கும்வரை சோற்றைத் தொடமாட்டார். முதல் வாரம் மரியாதைக்காக நானும் வாலை எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து நடுத்துண்டு எனக்கு, வால் அவருக்கு என்று ஆகிவிட்டது.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அண்ணை என்பேன், அவர் என்னை 'நீர்' போட்டுக் கதைப்பார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவரைத் தேடிக்கொண்டிருக்கும் யாராவது படித்துவிட்டு என்னைத் தேடி வருவார்கள் என்ற பயம்தான் காரணம். வேறு நல்ல காரணம் சொல்லலாம். ஆனால் இதுதான் உண்மை.

புறக்கோட்டையில் குழாய்ச் சாமான்கள் இறக்குமதி செய்யும் ஒரு கடையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். நான் பில் போடுவேன். அவர் துறைமுகத்துக்குப் போய்ச் சாமான் எடுத்து வருவார், வெளிநாட்டுக் கடிதங்களுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவார். பகல் முழுவதும் ஒரே கடை, இரவில் ஒரே அறை. ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. காலையில் குழாய்த் தண்ணீர் நிற்பதற்கு முன் முதல் குளியல் என்னுடையது. பேப்பரில் விளையாட்டுப் பக்கம் என்னுடையது. எதையும் நான் பறிக்கவில்லை, எல்லாம் அவராகத் தந்தவை. தந்தார் என்றாலும் வாங்கிய கை என்னுடையதுதானே.

அவரை ஒரு சாது என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வரும் மனிதர். எதிரில் இருப்பவர் எடுக்கத் தயங்கினால் முகம் சிவந்துவிடும். "கெதியா எடுமன் ஐசே, ஆற அமர யோசிக்கிறதுக்கு இதென்ன கலியாணமோ?" என்பார். ஒருமுறை கேட்டேன், ஏன் இப்படி என்று.

"மிச்சத்தை வைச்சு என்ன செய்யலாமெண்டு பாக்கிறதிலைதான் எனக்கு விருப்பம். நல்லதை எடுத்து நல்லாச் செய்யிறதுக்கு ஒரு ஆள் வேணுமே?"

அதில் கொஞ்சம் செருக்கும் இருந்தது. அந்தச் செருக்கு எனக்கு வசதியாக இருந்தது.

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். காலி வீதியில் ஒரு இன்ரநெற் கடையில் எம்பசி மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனவர் கையில் ஆறு தாளோடு வந்தார். மெயில் வரவில்லை. தாள்களில் புதிதாக வெளிவந்த ஒரு விளையாட்டைப் பற்றி இருந்தது. ஒரு அங்குல உயரத்தில் பிளாஸ்ரிக் வீரர்கள். துண்டு துண்டாக வரும், நாங்கள்தான் ஒட்டி, பெயின்ற் அடித்து, ஒரு மேசையை நாடாக்கி அதில் நிறுத்த வேண்டும். சதுரங்கம் மாதிரிக் கட்டம் கிடையாது. அளவு நாடாவால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிச் சண்டை பிடிப்பது. வெளியே உண்மையான சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். அதற்குள் இதுவுமா என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இதிலை செத்தவன் அடுத்த ஆட்டத்துக்கு எழும்பி வருவான்" என்றார்.

லண்டனிலிருந்த என் சித்தி மகன், கலியாணத்துக்கு வரும் ஒருவரிடம் ஒரு சாமான் கொடுத்துவிடுகிறேன், என்ன வேண்டும் சொல் என்று கேட்டிருந்தான். நான் சப்பாத்துக் கேட்பதாக இருந்தேன். அறையில் அந்த ஆறு தாளும் சுவரில் ஒட்டப்பட்டுவிட்டன. சப்பாத்து ஆசை ஒரு கிழமையில் போய்விட்டது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கென்று மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றில் ஒரே ஒரு படை, அதோடு செட்டை விரித்த ஒரு பெரிய மிருகம். நான் அதில் மயங்கிப் போனேன். இரண்டாவதில் துவக்கால் குறிபார்க்கும், பச்சை உடுப்புப் போட்ட ஆட்கள். மலிவு, ஒட்டுவதும் சுலபம் என்று தாளில் போட்டிருந்தது. மூன்றாவதில் இரண்டு சிறிய படைகள், சட்டப் புத்தகம், தாயக்கட்டை, எல்லாம் ஒன்றாக.

இரண்டு கிழமை ஆராய்ச்சி நடந்தது. கனடா விசாவுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்த எதிர் அறை ஐயாகூட வந்து தாள்களைப் பார்த்து, "குதிரை இருக்கிற பெட்டியா எடுங்கோ" என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனார். துவக்குப் பெட்டியை அண்ணை முதலே தள்ளிவிட்டார்.

"கட்டுநாயக்கா எயாப்போட்டிலை பெட்டியைத் திறந்து பாப்பாங்கள். பச்சை உடுப்பும் துவக்கும். கொண்டு வாற மனிசன் கலியாணத்துக்குப் போன மாதிரித்தான்."

லண்டனில் ஒருவன் பெட்டி வாங்க என்னென்ன பார்ப்பானோ தெரியாது. நாங்கள் முதலில் பார்த்தது உருவங்களின் கையில் என்ன இருக்கிறது என்பதை. கொடியில் என்ன மிருகம் இருக்கிறது என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். கோடு போட்ட எதுவும் கூடாது. வாளும் வேலும் என்றால் பரவாயில்லை.

மீதி இரண்டில் நான் பெரிய மிருகத்துக்காக வாதாடினேன். அன்றுதான் அவர் விட்டுக்கொடுக்காததைப் பார்த்தேன்.

"தனிப் படை வாங்கினால் மற்ற ஆள் என்ன செய்யிறது? பாத்துக்கொண்டிருக்கிறதோ? ரெண்டு பேர் இருந்து விளையாடேலுமெண்டால்தான் அது விளையாட்டு."

சரி என்றேன். மூன்றாவது பெட்டி வந்தது.

அதில் ஒரு பக்கம் ஆற்றங்கரை ஆட்கள். உயரமானவர்கள், கவசம் போட்டவர்கள், பதினொரு பேர். மற்றப் பக்கம் மலைவாசிகள். குள்ளர்கள், கையில் தடியும் கவணும், இருபத்திநாலு பேர். கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீர் முதல் எடும்."

நான் நாடியைத் தடவி யோசித்தேன். எல்லாம் நடிப்பு. முதல் நாளே தனியாக இன்ரநெற் கடைக்குப் போய், அந்த விளையாட்டுக்காரர்கள் எழுதும் பக்கங்களைத் தேடி, தொடக்கத்தில் ஆற்றங்கரைப் படைதான் சுலபமாக வெல்லும் என்று வாசித்துவிட்டு வந்திருந்தேன். "எதெண்டாலும் ஒண்டுதானே அண்ணை" என்று சொல்லி உயரமானவர்களை என் பக்கம் இழுத்தேன். அவர் குள்ளர்களைப் பார்த்து ஏதோ கிடைத்தற்கரிய சாமான் மிஞ்சியது போலச் சந்தோசப்பட்டார்.

ஒட்டுவதற்குக் கடையிலிருந்து பிவிசி குழாய் ஒட்டும் பசையை எடுத்து வந்தவன் நான். குழாய்க்கடைக்காரனுக்குத் தெரிந்த பசை அதுதானே. என் ஆளில் பிழை வந்துவிடப் போகிறதே என்று அவருடைய குள்ளன் ஒருவனில் பரீட்சித்துப் பார்த்தேன். பசை பட்டதும் கால் இரண்டும் உருகி, மெழுகுதிரி அடி மாதிரி ஆகிவிட்டது. அவர் அவனை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இவன் சேத்துக்குள்ளை நிக்கிறான்" என்றார். அவனுக்கு அடியில் மண்ணிறம் பூசி, முன்வரிசையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பௌர்ணமிப் போயா லீவுகளிலும் அயர்ன் பண்ணும் மேசையில் விளையாடுவோம். கீழே புத்தகங்களை வைத்து மேலே போர்வையைப் போட்டால் மலை. நான் உடுக்கும் நீலச் சாரம்தான் ஆறு. பின்னால் ரயில் போகும்போது மேசை அதிர்ந்து ஆட்கள் விழுவார்கள்; அதற்கென்று ஒரு சட்டம் அவரே எழுதினார், ரயிலில் விழுந்தவன் சாகவில்லை என்று. விளையாடும்போதும் அந்தப் பழக்கம் போகாது. எனக்குச் சாதகமான சட்டத்தை நான் மறந்திருந்தால் அவரே எடுத்துச் சொல்வார். "உமக்கு இன்னொருக்கா உருட்டலாம். ஆறாம் பக்கத்திலை கிடக்கு, பாரும்." நான் உருட்டுவேன். அவருடைய ஆள் விழுவான். அவருக்குச் சாதகமானதை அவர் மறந்தபோது நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு காலை பதிவு பார்க்கப் பொலிஸ் வந்தது. லொட்ஜில் இருக்கும் ஒவ்வொருவரும் எங்கிருந்து வந்தார், ஏன் இருக்கிறார் என்று பொலிஸில் பதிந்த தாளை வைத்திருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஜீப். தாள் இருந்தாலும் சிலவேளை ஜீப். எங்கள் மேசையில் அரைவாசியில் நின்றது ஆட்டம். வந்த அதிகாரி தாள்களைப் பார்த்துவிட்டு மேசையைப் பார்த்தார். மலை, ஆறு, அளவு நாடா, சாக்கட்டியால் போட்ட கோடுகள்.

"மேக்க காகெத?" என்றார். இது யாருடையது என்ற கேள்வி.

என்னுடையது. என் சித்தி மகன் அனுப்பியது. பெட்டியில் என் பெயர் எழுதியிருந்தது. நான் கையை நீட்டி அண்ணையைக் காட்டினேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தானாகப் போவதில்லை.

"மகே தமாய், சேர்" என்றார் அவர், என்னுடையதுதான் என்று. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அமைதியாகச் சிங்களத்தில் விளையாட்டை விளக்கினார். மலைவாசிகளைக் காட்டினார், சேற்றில் நிற்பவனைக் காட்டினார். தாயக்கட்டையை அதிகாரியின் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் வேண்டும், நீங்கள் முதல் எடுங்கள் என்றார். அந்த மனுசன் ஒரு கணம் திகைத்து, குள்ளர்கள் பக்கம் போய் நின்று, இரண்டுமுறை உருட்டினார். என் ஆட்கள் இரண்டு பேர் விழுந்தார்கள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

"அண்ணை, நான்..." என்று தொடங்கினேன்.

"உமக்குச் சிங்களம் வராது. நான் சொன்னதுதான் சரி" என்று முடித்துவிட்டார். அளவு நாடாவை எடுத்தார். "இப்ப ஆரின்ரை முறை?"

அதற்குப் பிறகு நாட்கள் கெட்டுக்கொண்டே போயின. லொட்ஜில் ஒரு பொடியன் வெளியே போய் வரவில்லை. இரண்டு பேர் பூசா தடுப்பு முகாமில் என்று கேள்விப்பட்டோம். கிருலப்பனையில் கலியாணம் முடித்து இருந்த அவருடைய அக்கா வாரம் ஒருமுறை ரெலிபோன் எடுத்து, எங்கேயாவது வெளியே போய்விடு என்று அழுவார். அவர் மூன்று எம்பசிக்கு விண்ணப்பித்திருந்தார். பாஸ்போட்டை வெற்றுப் பொலித்தீனில் சுற்றித் தலையணைக்குள் வைத்திருப்பார். போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானே நினைக்காமல் இருப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒருநாள் மத்தியானம் அவர் துறைமுகத்துக்குப் போயிருந்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"மஸ்கட்ல எங்கட மூத்த நானாட கடைக்கி ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆள் கேக்கிறாரு. விசா எல்லாம் அவங்களே எடுப்பாங்க. உங்கட கூட்டாளிய அனுப்புவம்னு நெனக்கிறேன். அவருக்கு இங்கிலீஷ் வரும், வேலையும் சுத்தம். நான் இப்ப புத்தளம் போறன், வர மூணு நாளாகும். அவரு வந்தோடன சொல்லிடுங்க, பாஸ்போட்ட எடுத்து வைக்கச் சொல்லி."

"ஓம் முதலாளி" என்றேன்.

வெள்ளவத்தைக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். அந்த ஒரு மணித்தியாலமும் நான் யோசித்தது ஒன்றைத்தான். பொய் சொன்னால் பிடிபடுவேன். ஆனால் அவரிடம் பெரிய பொய் சொல்லவே தேவையில்லை. கேட்டால் போதும்.

துறைமுகத்திலிருந்து நேரே அறைக்கு வந்துவிட்ட அவர் ஜன்னலோரம் என் கட்டிலில் வெளிச்சத்துக்காக உட்கார்ந்து ஒரு மலைவாசிக்குச் சிவப்புத் தலைப்பாகை பூசிக்கொண்டிருந்தார். கடையிலிருந்து கொண்டுவந்த எனாமல் பெயின்ற் சாம்பிள் ரின்கள் பக்கத்தில் இருந்தன.

"அண்ணை, முதலாளி எங்களிலை ஒராளை மஸ்கட் கடைக்கு அனுப்பப் போறாராம். ஆர் எண்டு எங்களையே கதைச்சு முடிவெடுக்கச் சொன்னவர்."

தூரிகை நின்றது. "மெய்யாவோ? விசா?"

"அவையே எடுப்பினமாம்."

"எத்தினை வருசம்?"

"ரெண்டு."

தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவினார். துணியில் துடைத்தார். திரும்பவும் கழுவினார். ரின்னை மூடி, மூடி சரியாக இறுகவில்லை என்று திறந்து, மறுபடி மூடினார். மீன் தட்டின் முன்னால் ஒரு வினாடிகூடத் தயங்காத மனிதர். அன்று தயங்கினார். அவருக்கு அது வேண்டும் என்று எனக்கு அப்போது வடிவாகத் தெரிந்தது. 'அண்ணை, முதலாளி சொன்னது உங்களைத்தான்' என்று சொல்வதற்கு அந்த நேரம் தாராளமாகப் போதும். நான் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீர் முதல் எடும்" என்றார் கடைசியில்.

"நான் போறன் அண்ணை."

இடைவெளியே விடாமல் சொன்னேன். அவர் தலையாட்டி, சிரித்து, என் தோளில் தட்டினார். தட்டிய கையில் பெயின்ற் இருந்தது. சேட்டில் பட்டுவிட்டது என்று அதற்கு மன்னிப்புக் கேட்டார், அவர் என்னிடம்.

முதலாளி திரும்பி வந்ததும், அவர் தனக்கு வேண்டாம் என்றுவிட்டார், என்னைப் போகச் சொல்கிறார் என்றேன். முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. அவரையே கூப்பிட்டுக் கேட்டார்.

"ஓம் முதலாளி, அவர் போகட்டும். நான் இஞ்சை நிக்கிறன்" என்றார். அவர் அறிந்த அளவில் அது உண்மை. என் பொய்க்கு அவருடைய உண்மையே சாட்சி சொன்னது. முதலாளி, "விருப்பமில்லாட்டி என்ன செய்ற" என்று கையை விரித்தார்.

காரணங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அந்த நாளில் யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று மஸ்கட்டில் என்னோடு இருந்த ஒருவர், வேறு யாரோ ஒருவரின் கதை என்று நினைத்துக்கொண்டு, சொன்னார். இருக்கலாம். ஆனால் யாரும் செய்யவில்லை, நான்தான் செய்தேன்.

விளையாட்டுப் பெட்டியை அவரிடமே விட்டுவிட்டுப் போனேன். அதைக்கூடப் பெரிய உபகாரம் மாதிரிச் சொல்லிக் கொடுத்தேன். முதல் மாதங்களில் ரெலிபோனில் கதைத்தோம். எதிர் அறை ஐயாவுக்கு விளையாடப் பழக்குகிறாராம். ஐயா குதிரை இல்லையே என்று குறைப்படுகிறாராம். மஸ்கட்டில் வெயில் எப்படி, சாப்பாடு எப்படி என்று விபரமாகக் கேட்பார். நான் கஷ்டங்களை மட்டும் சொல்வேன். நல்லதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ஒரு நாள் விடியப்புறம் லொட்ஜுகளில் இருந்த தமிழர்களைப் பொலிஸ்காரர் பத்து நிமிடத்தில் உடுப்பைக் கட்டச் சொல்லி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கு அனுப்பினார்கள். அவரும் அதில் இருந்தார். சில நாளில் பிழை என்று சொல்லித் திரும்பி வர விட்டார்கள். எதிர் அறை ஐயா வந்துவிட்டார். அவர் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வன்னிக்குள் இருக்கும் அம்மாவை ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டி உள்ளே போனாராம். உள்ளே போகலாம். திரும்பி வருவதற்குப் பாஸ் கிடைக்காது. சண்டை முடிந்தபோது அம்மா முகாமுக்கு வந்தார். அண்ணை எங்கும் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

நான் கொழும்புக்குத் திரும்பிப் பல வருடம் கழித்துத்தான் கிருலப்பனைக்குப் போனேன். அதுவரை போகாததற்கு நேரமில்லை என்பதைக் காரணமாக வைத்திருந்தேன். அவருடைய அக்கா கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் கண்டுவிட்டார். சுவரில் அவருடைய படம் இருந்தது. மாலை போடவில்லை. அதன் முன்னால் போட்டிருந்த கதிரையில்தான் என்னை இருக்கச் சொன்னார்.

எல்லாரையும் விசாரித்தார். என் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு இருந்தார்.

"தம்பி, நீங்கள்தான் அவனோட ஒரே அறையிலை இருந்தனீங்கள். உங்களிட்டை ஒண்டு கேக்கவேணுமெண்டு எத்தினையோ நாளா நினைச்சனான்."

"கேளுங்கோ அக்கா."

"அவனுக்கு வெளியாலை போறதுக்கு ஏதும் வந்ததோ? வந்து, தன்ரை குணத்துக்கு ஆருக்கும் விட்டுக் குடுத்திட்டு இருந்திட்டானோ? சின்னனிலை இருந்தே அப்பிடித்தான் அவன். அதை நினைச்சு நினைச்சு எனக்கு அவனிலைதான் கோவம். படத்துக்கு முன்னாலை நிண்டு பேசியிருக்கிறன். ஏனடா விட்டனி எண்டு."

நான் வந்தது சொல்வதற்காகத்தான். வரும் வழியெல்லாம் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கேள்வி தானாகவே வந்து என் முன்னால் நிற்கிறது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை அக்கா. அவருக்கு அப்பிடி ஒண்டும் வரேல்லை."

"மெய்யாவோ?"

"மெய்யா."

அக்கா நீளமாக மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. படத்தைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நான் உன்னை வீணாத்தான் பேசினனான்" என்று அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் வந்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று, மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது என்றார். இருங்கோ, பிளேன்ரீ போட்டுக்கொண்டு வாறன் என்று உள்ளே போனார்.

குசினி பக்கத்தில்தான். நாலு அடி எடுத்து வைத்தால் சொல்லியிருக்கலாம். கதவும் திறந்துதான் கிடந்தது, பேசாமல் எழும்பிப் போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அவர் சீனியைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துக் கொண்டு வந்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.